ஒரே ஒரு பம்ப்!

தொழில் கண்காட்சியில் ஸ்டால் போடுகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. வாடகை கட்டிய இடத்தில் ஓர் அங்குலம்கூட காலியாக இருக்கக்கூடாது!

கோவையில் நான் வேலை பார்க்கும் சின்ன பம்ப் கம்பெனி முதலாளிக்கும் அதே வியாதி. கொடிசியா வளாகத்தில் எங்களுக்குக் கிடைத்தது வழக்கமான 3-க்கு 3 மீட்டர். மூணு பக்கம் வெள்ளை பேனல், நெற்றியில் கம்பெனி பேர், ஒரு மேஜை, ரெண்டு நாற்காலி. வருஷ விளம்பரப் பணத்தில் பாதி இதற்கே காலி. ஆர்டர் வராவிட்டால் என் இன்கிரிமென்ட்டும் காலி!

''பன்னெண்டு மாடலையும் வெச்சுப்போடுங்க தம்பி'' என்றார்.

''வர்றவங்க எங்கங்கய்யா நிப்பாங்க?''

முறைத்தார். ஓடிஸ் கதையைச் சொன்னேன். 1854-ல் நியூயார்க் கண்காட்சியில் எலிஷா ஓடிஸ் தன் லிஃப்ட்டில் ஏறி உயரத்தில் நின்றுகொண்டு, அதைத் தாங்கிய கயிற்றை வெட்டச் சொன்னார். தளம் லேசாகச் சறுக்கி, நின்றுவிட்டது. அந்த ஆள் கேட்டலாக் நீட்டியிருந்தால் யார் சீந்தியிருப்பார்கள்?

ஒருவழியாக ஒரே ஒரு சென்ட்ரிஃபியூகல் பம்ப் வைக்கச் சம்மதித்தார். கண்ணாடி மாதிரி அக்ரிலிக் குழாய், சுற்றி வரும் தண்ணீர், யார் வேண்டுமானாலும் திருப்பக்கூடிய வால்வு, பக்கத்தில் வாட் மீட்டர். மேலே பெரிய எழுத்தில், 'வால்வை மூடினால் கரண்ட் செலவு ஏறுமா, இறங்குமா?'

முன்னால் வேலி மாதிரி கிடந்த மேஜையை மூலைக்குத் தள்ளினேன். தரையை உயர்த்தி மேடை கட்டலாம் என்றார் கார்பென்டர். வேண்டாம் என்றேன். நாலு அங்குலப் படி இருந்தாலே நம்ம ஜனங்கள் செருப்பைக் கழற்றணுமோ என்று யோசித்து நகர்ந்துவிடுவார்கள். சாக்லேட் கிண்ணமும் கிடையாது. அது வைத்தால் கூட்டம் வரும்... சாக்லேட்டுக்கு!

போகிறவர்களில் பாதிப் பேர் 'ஏறும்' என்று அடித்துச் சொன்னார்கள். மூடினால் முள் இறங்கியது! தண்ணீர் நகர்ந்தால்தானே பம்ப்புக்குப் பளு? இரண்டு இன்ஜினீயர்கள் சண்டையே போட்டார்கள். சண்டை பார்க்க இருபது பேர்.

அதில் ஒரு பெரியவர் நாலு தடவை மூடித் திறந்து பார்த்தார். பொள்ளாச்சிப் பக்கம் பம்ப் டீலராம்.

''அப்ப மூடியே ஓட்டலாமுங்களா?''

''வேண்டாமுங்க. ரொம்ப நேரம் ஓட்டினா உள்ள தண்ணி சூடாகி சீல் போயிரும்.''

முதலாளி என்னை எரித்துவிடுகிற மாதிரி பார்த்தார். பெரியவரோ நேராக மூலைக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

''வெலை சொல்லுங்க.''

முதலாளி தானே போய் ரெண்டு டீ வாங்கி வந்தார்.