எந்த தேசத்துப் பண்டம்?

சரித்திரம் படித்துப் பட்டம் பெற்று, இருபது வருஷமாக அதையே பிள்ளைகளுக்குப் போதித்து வருகிறோம். அப்பேர்ப்பட்ட நமக்கு ஒரு தூக்குப் பாத்திரம் சரித்திரம் கற்பித்த கதையை நேயர்களிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுவதே நியாயம்.

நமது பள்ளிக்கூடம் வடசென்னையில் இருக்கிறது. சென்ற வருஷம் சுதந்திர தினத்தன்று, கொடியேற்றமும் பிரசங்கங்களும் முடிந்தபின் 'தேசிய விருந்து' நடத்தலாமென்று யோசனை சொன்னவர் வேறு யாருமல்ல, நாமேதான். ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டுப் பண்டம் ஒன்றைக் கொண்டுவர வேண்டியது. புளியோதரை வந்தது, தயிர் சாதம் வந்தது, கேசரி மூன்று வர்ணங்களில் வந்தது. ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனும் தன் தூக்கைத் திறந்தான். மஞ்சள் நிற நூடுல்ஸ், மெல்லிதாய் அரிந்த முட்டைக்கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், பூண்டு வறுத்த எண்ணெய் எல்லாம் சேர்த்துக் கையால் பிசைந்த அத்தோ!

"ஏனப்பா, இது பர்மாக்காரர் பண்டமல்லவா? நம் தேசத்துப் பண்டம் ஒன்றும் உன் வீட்டில் கிடையாதா?" என்று கேட்டுவிட்டோம். வகுப்பு முழுவதும் சிரித்தது. பையன் ஒன்றும் பேசாமல் தூக்கை மூடினான்.

மறுநாள் அவனுடைய பாட்டி வந்தார். வயது எழுபது இருக்கும். கோபமாகப் பேசியிருந்தாலும் தேவலை; அம்மாள் மிகவும் நிதானமாகப் பேசினார்.

"பேரன் ராத்திரி சாப்பிடவில்லை, வாத்தியாரய்யா. ரங்கூனில் இருந்தவரையில் எங்களை இந்தியாக்காரர் என்றார்கள். இங்கே வந்தபின் பர்மாக்காரர் என்கிறார்கள். நாங்கள் எந்த தேசமென்று படித்தவர் நீங்களே சொல்லிவிடுங்கள்."

நாம் வாயடைத்துப் போனோம். சொல்லத் தெரியாமல் அல்ல. 1937 வரையில் பர்மா பிரிட்டிஷ் இந்தியாவில் ஒரு மாகாணமாகவே இருந்தது என்பதும், வயலுக்கும் துறைமுகத்துக்கும் வியாபாரத்துக்கும் தமிழர் கப்பல் கப்பலாய்ப் போனார்கள் என்பதும் நாம் அறிந்தவைதான். 1962இல் அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 1964இல் கடைகளைச் சர்க்கார் எடுத்துக்கொண்டது; அதே வருஷம் ஐம்பது, நூறு கியாத் நோட்டுகள் செல்லாதவை ஆயின. கப்பலேறி வந்தவர் அநேகர் வெறுங்கையாய் வந்தனர். இவற்றையெல்லாம் நாம் தேதிகளாகப் படித்திருந்தோம்.

பாட்டியோ பத்து வயதில் அந்தக் கப்பலில் வந்தவர். "கப்பலேறுமுன் அம்மாவின் வளையலைக் கழற்றிக்கொண்டார்கள்; கைப்பக்குவத்தைக் கழற்ற முடியவில்லை" என்றார். அந்தப் பக்குவத்தில் பிசைந்த அத்தோவைத் தெருவோரத்தில் விற்றுத்தான் அவருடைய தாயார் நான்கு குழந்தைகளை வளர்த்தாராம்.

இன்னொன்றும் சொன்னார். நம் தோசை ரங்கூனில் 'தோஷே' என்ற பெயரில் நடமாடுகிறதாம். சமோசாவைப் பிய்த்துப்போட்டு அதையும் அத்தோவைப் போலப் பிசைந்து தின்கிறார்களாம். பர்மியர் நம் பண்டத்தை அப்படி வீட்டுக்குள் சேர்த்துக்கொள்ள, நாம் நம் பிள்ளையின் தூக்கை மூட வைத்தோம்! அன்றைய புளியோதரையில் கிடந்த மிளகாய்கூட அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. போர்ச்சுகீசியர் கொண்டுவந்து சேர்த்தது. அதை எந்த தேசமென்று நாம் விசாரித்தோமா?

"உங்கள் தேசம் இதுதான், அம்மா. தவறு எங்களுடையது" என்றோம். சிரித்த அதே வகுப்பின் முன்னால் பையனிடமும் மன்னிப்புக் கேட்டோம். அவன் மிகவும் வெட்கப்பட்டுப் பெஞ்சுக்கடியில் எதையோ தேடினான்.

இந்த வருஷம் சுதந்திர தினத்தன்று பாட்டியே வந்து, பெரிய பாத்திரத்தில் அத்தோ பிசைந்தார். பக்கத்தில் வாழைத்தண்டு சூப் ஆவி பறந்தது. பையன்தான் பரிமாறினான். நாம் மூன்றாம் முறை கிண்ணத்தை நீட்டியபோது பாட்டி கரண்டியை நிறுத்திவிட்டார்.

"போதும், வாத்தியாரய்யா, பிள்ளைகளுக்கு வேண்டும்!"