செம்பரம்பாக்கத்தின் ஓரநீர்

சென்னையிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் பூந்தமல்லியைக் கடந்து செல்வோர்க்குச் செம்பரம்பாக்கம் என்பது ஒரு பேருந்து நிறுத்தத்தின் பெயர். தொழிற்கூடங்களின் மதிற்சுவர்களும் வரிசையாய் நிற்கும் லாரிகளுமே அங்கே கண்ணில் படுவன. சாலைக்குத் தெற்கே அதே பெயரில் ஒரு பேரேரி விரிந்து கிடப்பதை, மழைக்காலத்தில் செய்தித்தாள்கள் அதன் நீர்மட்டத்தை நாள்தோறும் அச்சிடும்போதுதான் பலரும் நினைவுகூர்கின்றனர். முழு ஆழம் 24 அடி. கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. 2015 டிசம்பரில் இவ்வேரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி நீர் அடையாற்றில் திறந்துவிடப்பட்ட இரவைச் சென்னை மறந்திருக்க முடியாது. 2019ஆம் ஆண்டுக் கோடையில் இதே ஏரியின் தரை பாளம் பாளமாய் வெடித்துக் கிடந்த காட்சியையும் அவ்வாறே.

வெள்ளத்துக்கும் வறட்சிக்கும் குடிநீருக்கும் அப்பால் இவ்வேரிக்கு இன்னொரு வாழ்வும் உண்டு. அவ்வாழ்வின் குடிமக்கள் சிறகுடையோர்.

நீர் மிகுந்தால் பறவையும் மிகும் என்று எண்ணுவது இயல்பு. ஆனால், ஏரி தளும்பி நிற்கும் நாளில் பறவை பார்க்கப் புறப்படுகிறவர் பெரும்பாலும் வெறுங்கண்ணோடுதான் திரும்புவார். நடு ஏரியில் மிதக்கும் சில கூழைக்கடாக்களும், மூழ்கி மூழ்கி எழும் நீர்க்காகங்களும் தென்படலாம், அவ்வளவே. இதன் காரணம் மிக எளிது. நாரையும் கொக்கும் நீந்தி இரை தேடும் இனங்கள் அல்ல, நின்று தேடுபவை. காலின் நீளம் எவ்வளவோ, அவ்வளவு ஆழம்தான் அவற்றின் உலகம். இருபது அடி நீர் அவற்றுக்குப் பாலைவனத்துக்கு ஒப்பானது.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, நகரம் குடித்தும் வெயில் குடித்தும் ஏரி மெல்ல மெல்ல இறங்கத் தொடங்கும் மாதங்களே பறவைகளின் விருந்துக் காலம். கரைக்கு எதிர்ப்புறத்தில் நிலம் சரிவாய் எழும் பகுதிகளில் முதலில் சேறும், பிறகு முழங்கால் அளவு நீரும், அதற்கப்பால் இடுப்பளவு நீருமாய்ப் படிப்படியாக ஓர் ஓரம் உருவாகிறது. இவ்வோரநீரில் மீனும் நத்தையும் தவளையும் ஒடுங்கிச் சேர்கின்றன. ஒவ்வொரு பறவையும் தன் காலுக்கேற்ற இடத்தில் வந்து நிற்கிறது. சேற்றின் விளிம்பில் உள்ளான்கள் ஓடி ஓடிக் குத்தும். சற்று உள்ளே, செந்நிறக் குச்சிகளை நட்டுவைத்தாற்போல் நெடுங்கால் உள்ளான்கள் நிற்கும். அதற்கும் உள்ளே வெள்ளை அரிவாள் மூக்கனும் மஞ்சள் மூக்கு நாரையும்.

மஞ்சள் மூக்கு நாரை மீன் பிடிக்கும் முறையை அவசரமின்றி நின்று பார்க்க வேண்டும். அது நீருக்குள் அலகைச் சிறிது திறந்தபடி அமிழ்த்தி, இடமும் வலமுமாய் வீசிக்கொண்டே நடக்கும். கலங்கிய நீரில் கண்ணால் பயனில்லை. அலகின் தொடுவுணர்ச்சியே அதற்குக் கண். மீன் பட்ட கணத்தில் அலகு மூடிக்கொள்ளும். பாம்புத்தாராவின் வழி முற்றிலும் வேறு. உடல் முழுதும் நீரில் ஆழ்ந்திருக்க, கழுத்து மட்டும் வெளியே நெளிவதால் அப்பெயர். அதன் இறகுகள் நீரை ஒட்டவிடாமல் தடுக்கும் வகையின அல்ல, நனைந்து கனத்துவிடும். எனவேதான் மீன் பிடித்து முடித்ததும் பட்ட மரக்கிளையில் ஏறி, துணி உலர்த்துவது போல் இரு சிறகுகளையும் விரித்துக் காய வைக்கிறது. இவற்றோடு ஊசிவால் வாத்து, தட்டைவாயன் போன்ற குளிர்கால விருந்தினரும் உண்டு. ஆசியாவின் வடகோடியிலிருந்து வந்து, பங்குனி வெயில் ஏறுமுன் திரும்பிவிடும் கூட்டம் அது.

வேடந்தாங்கலைப் பற்றி அறியாதார் இலர். ஆனால் அப்புகழ்பெற்ற ஏரியின் பரப்பு சுமார் 30 எக்டேர்தான் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஆயிரக்கணக்கில் கூடு கட்டும் பறவைகளுக்கும் அவற்றின் குஞ்சுகளுக்கும் அச்சிறு குளம் எங்ஙனம் உணவளிக்கும்? தாய்ப்பறவைகள் சுற்றியுள்ள ஏரிகளுக்கும் நெல்வயல்களுக்கும் பறந்து சென்று இரை கொணர்கின்றன. ஆதலின், சரணாலயத்தை மட்டும் காத்துவிட்டு மற்ற நீர்நிலைகளைக் கைவிடுவது, வீட்டைப் பூட்டிக் காவல் வைத்துவிட்டு அடுப்பை அணைத்துவிடுவதற்குச் சமம்.

இங்கேதான் நாம் கவலையுற வேண்டியிருக்கிறது. ஏரியின் நடுப்பகுதியை யாரும் தொடுவதில்லை, தொடவும் இயலாது. ஓரநீர்தான் முதலில் போகிறது. கோடையில் வறண்டு தெரியும் அச்சரிவைக் காண்பவர் கண்ணுக்கு அது பயனற்ற வெற்றுநிலம். குப்பை கொட்டவும், மண் நிரப்பவும், வேலி போடவும் அதுவே தோதான இடம். அம்பத்தூர், கொரட்டூர், போரூர் ஏரிகளை நாற்புறமும் குடியிருப்புகள் நெருக்கிவிட்டன. அழகுபடுத்துதல் என்ற பெயரில் ஏரியைச் சுற்றிச் செங்குத்தாய்க் கருங்கல் சுவர் எழுப்பி நடைபாதை அமைப்பதும் நாரையின் கண்ணோட்டத்தில் ஓர் ஆக்கிரமிப்பே. நீர் இருக்கும், நிற்க இடம் இராது. நடப்போர்க்கு அப்பாதை நன்மை தருவதை நாம் மறுக்கவில்லை. ஒரு பக்கத்துச் சரிவையாவது மண்ணாகவே விட்டுவைத்தல் ஆகாதா என்பதே கேள்வி.

ஏரிக்குப் பொருந்தும் இக்கணக்கு வீட்டுத் தோட்டத்துக்கும் அப்படியே பொருந்தும். ஆவடி, திருநின்றவூர்ப் பக்கங்களில் கொல்லையுள்ள வீடுகள் இன்னும் சில மிஞ்சியிருக்கின்றன. சிமெண்டுத் தளமிட்டுத் தொட்டிச் செடி வைத்த முற்றத்தில் காக்கையும் மாடப்புறாவும் அன்றி வேறு வருவதில்லை. புதர் மண்டிய மூலை ஒன்று இருக்குமாயின் கதை வேறு. தையல் சிட்டு அங்கே அகன்ற இலையின் ஓரங்களைச் சேர்த்துத் தன் அலகாலேயே துளையிட்டு, பஞ்சு நூலாலும் சிலந்தி இழையாலும் தைத்துக் கூடு அமைக்கும். செம்போத்து புதருக்குள் தத்தித் தத்தி நுழையும். கீரி ஒரு வேலியிலிருந்து மறு வேலிக்குக் கோடு கிழித்தாற்போல் ஓடும். சாரைப் பாம்பைக் கண்டு அலறித் தடியெடுப்பவர் பலர். நஞ்சற்ற அச்சாரைதான் வீட்டு எலிகளுக்கு எமன். உடும்பும் சட்டத்தால் காக்கப்பட்ட உயிர்தான். கூண்டில் பச்சைக்கிளி வளர்ப்பதும் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதை, கிளி வாங்கித் தரச்சொல்லி அடம்பிடிக்கும் பிள்ளைகளுக்கு இன்னும் பல வீடுகளில் யாரும் சொல்வதில்லை.

புல்தரையில் விசிறிக் கொண்டையோடு நடந்து, நீண்ட அலகால் மண்ணைக் கிளறும் கொண்டலாத்தியைக் காட்டிக்கொடுத்தால் பிள்ளைகள் மகிழ்வர். சுலைமான் நபியவர்களிடம் ஸபா நாட்டுச் செய்தியைக் கொண்டுவந்த ஹுத்ஹுத் இப்பறவைதான் என்று கூறினால், அடுத்த முறை அவர்களே தேடிக் கண்டுபிடிப்பர்.

ஒரு பறவையைப் பற்றிய ஒரே ஒரு கேள்வி ஒரு வாழ்க்கையையே திசைதிருப்பியதுண்டு. 1896இல் பம்பாயில் பிறந்து, இளமையிலேயே பெற்றோரை இழந்து, தாய்மாமன் அமீருத்தீன் தயாப்ஜியின் வீட்டில் வளர்ந்த சிறுவன் ஒருவன், பொம்மைத் துப்பாக்கியால் ஒரு குருவியை வீழ்த்தினான். அதன் கழுத்தில் மஞ்சள் திட்டு ஒன்று இருந்தது. இஃது என்ன குருவி என்ற வினாவுக்கு மாமனால் விடை கூற முடியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலர் மில்லார்டிடம் அனுப்பிவைத்தார். அவர் அலமாரிகளைத் திறந்து பாடம் செய்யப்பட்ட பறவைகளை வரிசையாய்க் காட்டினார். அச்சிறுவனே பிற்காலத்தில் பறவையியல் அறிஞர் சாலிம் அலி எனப் புகழ்பெற்றார். 1941இல் வெளிவந்த அவரது இந்தியப் பறவைகள் நூல் இன்றளவும் பலருக்கு முதற்பாடம். கோவைக்கருகே ஆனைகட்டியில் அவர் பெயரால் ஓர் ஆய்வு மையம் இயங்குகிறது.

துப்பாக்கி இன்று வேண்டியதில்லை. எளிய தொலைநோக்கி ஒன்றும், ஒரு குறிப்பேடும் போதும். ஏரிக்கரை நீர்வளத் துறையின் பொறுப்பில் உள்ளதால், மதகுகளை அணுகாமல், அனுமதியுள்ள இடங்களில் மட்டும் நிற்பது நன்று. சூரியன் எழும் வேளையில் வெயிலை முதுகுக்கு வைத்து நின்றால் நிறங்கள் தெளிவாய்த் தெரியும். பயணம் இயலாதோர்க்கும் வழி உண்டு. 2015 முதல் தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் பொங்கல் விடுமுறை நாட்களில் ஒரு கணக்கெடுப்பு நடத்தி வருகின்றனர். வீட்டு மாடியிலோ தோட்டத்திலோ கால் மணி நேரம் நின்று, கண்டவற்றை எண்ணிப் பதிந்தால் போதும். காக்கையும் கணக்கில் சேரும்.

அந்நாட்களில் செம்பரம்பாக்கத்தின் ஓரநீர் தலைகாட்டத் தொடங்கும். நத்தைக்குத்தி நாரைகள் சேற்றில் இறங்கியிருந்தால் அவற்றின் அலகுகளை உற்றுநோக்குங்கள். வளர்ந்த பறவையின் இரு அலகுகளுக்கும் நடுவே ஒளி புகும் இடைவெளி தெரியும்; இடைவெளி இல்லாதவை அண்மையில் கூடு விட்டிறங்கிய இளம் நாரைகள்.