கீபோர்ட் மாற்றக் கொடுத்த லப்டொப்

எங்கள் மாதர் சங்கத்தின் கடன் பதிவேடுகள் முன்பு ஓர் இரும்பு அலுமாரியில் இருந்தன. அதற்கு இரண்டு பூட்டு. ஒரு திறப்பு தலைவியிடம், மற்றது பொருளாளரான என்னிடம். இருவரும் வந்தால்தான் திறக்கலாம். பிறகு கணக்குகளை லப்டொப்புக்கு மாற்றினோம். 2020 மார்ச்சில் ஊரடங்குச் சட்டம் போட்டபோது அதை வீட்டுக்குக் கொண்டுவந்து வேலை செய்தேன். ஊரடங்கு முடிந்த பின்பும் அதுவே பழக்கமாகிவிட்டது. உலை கொதிக்கும் நேரத்தில் ஒரு பக்கக் கணக்கை முடித்துவிடலாம். இரண்டு பூட்டுப் போட்ட அலுமாரிதான் என் குசினி மேசையில் திறந்து கிடக்கிறது என்று நான் யோசிக்கவேயில்லை.

அதில் இருந்தவை வெறும் கணக்குகள் அல்ல. 62 பெண்களின் பெயர், அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி இலக்கம், யார் எதற்காகக் கடன் எடுத்தார், எத்தனை மாத நிலுவை என்பதெல்லாம் இருந்தன. கணவர் இறந்தவரா, காணாமல் ஆக்கப்பட்டவரா என்று ஒரு நிரல் வேறு. பெயர்ப் பட்டியல் என்றாலே வயிறு கலங்கிய காலத்தைக் கடந்து வந்தவர்கள் நாங்கள். எனக்கு ஏனோ அது அப்போது நினைவுக்கு வரவில்லை.

2021 மாரியில் தேத்தண்ணி ஊற்றுப்பட்டு கீபோர்ட் பழுதாகிவிட்டது. டவுனில் ஒரு கடையில் கொடுத்தேன்.

“பாஸ்வேர்டையும் எழுதித் தாங்கோ அக்கா, டெஸ்ட் பண்ண வேணும்” என்றார் அங்கிருந்த பொடியன். ரசீதின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். மூன்று நாள் அங்கேயே இருந்தது.

ஒரு கிழமை கழித்து எங்கள் உறுப்பினர் ஒருவர் படலையில் வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

“தங்கச்சி, மகளின்ர தாலிக்கொடியை மீட்க நான் எடுத்த கடன் சம்பந்தி வீட்டுக்கு எப்பிடித் தெரிஞ்சது? உமக்கும் தலைவிக்கும்தானே தெரியும்?”

என்னிடம் பதில் இருக்கவில்லை. கடையில் நிற்பவர்களில் ஒருவர் சம்பந்தி வீட்டுக்குச் சொந்தம் என்று பிறகுதான் அறிந்தேன். அவர்தான் பார்த்தார் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. பாஸ்வேர்டை எழுதிக் கொடுத்தது நான்.

கணினி படிப்பிக்கும் என் மச்சாளிடம் சொல்லி அழுதேன். கீபோர்ட் வேலை செய்கிறதா என்று பாஸ்வேர்ட் கேட்கும் திரையிலேயே தட்டிப் பார்க்கலாமாம்! “அதோட, பாஸ்வேர்ட் எண்டது படலை மாதிரி. வேலியைப் பிரிச்சுக்கொண்டு வாறவனைப் படலை மறிக்குமோ?” என்று கேட்டாள். வன்தட்டைக் கழற்றி வேறொரு கணினியில் பூட்டினால் பாஸ்வேர்ட் இல்லாமலே எல்லாவற்றையும் வாசிக்கலாம். வன்தட்டையே குறியாக்கம் செய்து வைத்தால்தான் வாசிக்க முடியாது.

அவள் சொன்ன ஒரு சம்பவம் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்கூடத் தந்தது. 2006 மே மாதம் அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் நலத் திணைக்கள ஊழியர் ஒருவரின் வீட்டில் லப்டொப்பும் ஒரு வெளி வன்தட்டும் களவு போயின. வேலைக்கென்று வீட்டுக்குக் கொண்டுபோன தகவல்கள் அவை. ஏறக்குறைய 2 கோடி 65 இலட்சம் பேரின் விபரங்கள் குறியாக்கம் இல்லாமல் அதில் இருந்தன. அடுத்த மாதமே பொருட்கள் கிடைத்தன, யாரும் தகவல்களைத் திறந்ததாகத் தெரியவில்லை என்றார்கள். என்றாலும் 2009இல் 2 கோடி டொலர் கொடுத்து வழக்கைத் தீர்க்க வேண்டியதாயிற்று. அவ்வளவு பெரிய அரசாங்கமே அப்படி இருந்திருக்கிறது.

எங்கள் லப்டொப்பில் வின்டோஸ் புரோ பதிப்பு இருந்தபடியால் அதிலுள்ள பிட்லொக்கரையே மச்சாள் இயக்கித் தந்தாள். மகனுக்குப் படிக்கத் தனியான பயனர் கணக்கு. அதிலிருந்து சங்கக் கோப்புகளைத் திறக்க முடியாது. திருத்தக் கொடுத்தால் இனி நான் கூடவே இருந்து எடுத்துக்கொண்டுதான் வருவேன். பிட்லொக்கர் தந்த 48 இலக்க மீட்புத் திறப்பைத் தாளில் எழுதினோம். அது தொலைந்து, பாஸ்வேர்டும் சரிவராமல் போனால் நாங்களே உள்ளே போக முடியாது. லப்டொப் பையில் வைப்பதும் மடத்தனம். அந்தத் தாள் இப்போது சங்கத்தின் இரும்பு அலுமாரிக்குள் இருக்கிறது.

அந்த அக்காவின் வீட்டுக்குப் போய், நடந்ததை மறைக்காமல் சொன்னேன். தேத்தண்ணி தந்தார். ஒன்றும் பேசவில்லை. சங்கத்தை விட்டு விலகவில்லை, கடனையும் கட்டி முடித்துவிட்டார். சந்தாப் பணத்தை மட்டும் இப்போது தலைவியின் கையில்தான் கொடுக்கிறார்.