நாணயம்

நாணயம் என்னும் சொல் காசையும் குறிக்கும், நேர்மையையும் குறிக்கும். இவ்விரண்டும் ஒரே வயலில் வெளிப்பட்ட நிகழ்ச்சி ஒன்றை நாம் எண்ணிப் பார்ப்போம்.

உலோகம் கண்டறியும் கருவியைக் கொண்டு பழங்காசு தேடுவது இங்கிலாந்தில் பலருக்குப் பொழுதுபோக்கு. 1992 நவம்பர் 16 அன்று, சஃபோக் பகுதியிலுள்ள ஹாக்ஸன் சிற்றூரில், ஓய்வுபெற்ற தோட்டக்காரரான எரிக் லாஸ், தம் நண்பரான உழவர் தொலைத்த சுத்தியலைத் தேடி அக்கருவியுடன் வயலில் இறங்கினார். கிடைத்தவையோ உரோமானியர் காலப் பொன், வெள்ளிக் காசுகள்! ஓரளவு எடுத்ததும் அவர் தோண்டுவதை நிறுத்தினார். உரியவர்களுக்குச் செய்தி அனுப்பினார்.

மறுநாள் தொல்லியலாளர் வந்து அகழ்ந்தனர். மொத்தம் 14,865 காசுகள்; அவற்றோடு பொன்னணிகள், வெள்ளிக் கரண்டிகள். மண் கலையாதிருந்தமையால், மரப்பெட்டி மக்கிப்போயிருந்தும், அதனுள் பொருள்கள் எவ்வாறு அடுக்கப்பட்டிருந்தன என்பதை அவர்களால் அறிய முடிந்தது. அவசரப்பட்டு அள்ளியிருந்தால் பொன் மிஞ்சியிருக்கும், வரலாறு அழிந்திருக்கும்.

வெகுமதியாகக் கிடைத்த 17.5 இலட்சம் பவுண்டை லாஸ் உழவரோடு பகிர்ந்துகொண்டார். சுத்தியலும் கிடைத்தது, அது இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

தேடும் ஆவல் நம் எல்லாரிடமும் உண்டு. கண்டபின் கையை அடக்கும் பண்பே அரிது. அந்த வயலில் நாம் காணும் விலையுயர்ந்த நாணயம் அதுவே.