ஏசி மெக்கானிக் படிப்பும் ஒரு கணக்கும்

கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளைகளைத் தொழில் படிப்பில் சேர்க்க நினைப்பவர்கள் பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் ஒரு போன். கல்வராயன் மலை உண்டு உறைவிடப் பள்ளியில் நான் கணக்கு வாத்தியாராக இருந்தபோது படித்தவன். இப்போது அவனுக்கே பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மகன் இருக்கிறான்.

"சார், பையன் ஏசி மெக்கானிக் படிக்கணும்ங்கிறான். டவுன்ல ஒரு தனியார் இடத்துல ஆறு மாசக் கோர்ஸ், நாப்பத்தஞ்சாயிரம் கேக்கறாங்க. முடிச்சா வேலை கேரண்டியாம். மாட்டை வித்துடலாமா?"

"மாட்டை விக்காதடா. அரசு ஐடிஐ-யில இலவசமாப் படிக்கலாம்" என்று பட்டென்று சொல்லிவிட்டேன்.

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு மெதுவாகச் சொன்னான். "இலவசம்தான் சார். ஆனா ரெண்டு வருஷம் ஆகுமே. என்னோட கேரளா எஸ்டேட்டுக்கு வந்தா அவனுக்கு ஒரு நாளைக்கு எழுநூறு ரூபா."

முப்பது வருஷம் லாப நஷ்டக் கணக்கு நடத்தியவனுக்கு இது தோன்றவில்லை. கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

இருவரும் போனிலேயே கணக்குப் போட்டோம். எஸ்டேட்டில் மாதம் 20 நாள், வருஷத்துக்கு 8 மாதம் வேலை. 700 வீதம் 1,12,000. சாப்பாடு, பஸ், கைச்செலவு போக வீடு வந்து சேருவது 60,000 என்றான். இரண்டு வருஷம் ஐடிஐ-யில் உட்கார்ந்தால் அந்த 1,20,000 வராது. ஆனால் ஐடிஐ-யில் மாதம் 750 உதவித்தொகை உண்டு. அரசுப் பள்ளியில் படித்த பையன் என்பதால், 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 கிடைக்கும். இரண்டும் சேர்ந்து 24 மாதத்துக்கு 42,000. கழித்துப் பாருங்கள். இலவசப் படிப்பின் விலை 78,000. விடுதி கிடைக்காவிட்டால் இன்னும் ஏறும்.

சரி, தனியார்? கட்டணம் 45,000. ரூமுக்கும் மெஸ்ஸுக்கும் மாதம் 6,000 வைத்தால் 36,000. ஆறு மாதம் வராத கூலி 30,000. மொத்தம் 1,11,000. அதில் 81,000 கையிலிருந்து போகிற ரொக்கம். நூற்றுக்கு இரண்டு வட்டிக்கு வாங்கினால் மாதம் 1,620 வட்டிக்கே போகும். வராத காசுக்கு யாரும் வட்டி கேட்டு வாசலில் வந்து நிற்க மாட்டார்கள்.

"ஆனா சார், ஒன்றரை வருஷம் முன்னாடியே வேலைக்குப் போயிடுவானே?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. என்னிடம் பதில் இல்லை.

பதில் தெரிந்தவன் ஒருவன் உண்டு. கள்ளக்குறிச்சியில் என் வீட்டு ஏசியை சர்வீஸ் செய்கிறவன். அவனும் மலைப்பிள்ளை, என் மாணவன், ஐடிஐ படித்தவன். போன சித்திரையில் அவன் 600 கேட்க, 400-தான் தருவேன் என்று பேரம் பேசியவன் நான். சிரித்துக்கொண்டே வாங்கிப் போனான். இந்தத் தடவை உட்கார வைத்து, டீ கொடுத்துக் கேட்டேன்.

மாசியிலிருந்து ஆனி வரை மாதம் 40,000 வரை பார்க்கிறானாம். மீதி மாதங்களில் 10,000 வந்தாலே பெரிது. "மழை பேஞ்சா எல்லாரும் ஜன்னலைத் திறந்துடறாங்க சார்." வருஷத்துக்கு 2,70,000. எஸ்டேட் கூலியைப் போல இரண்டு மடங்குக்கு மேல். ஆனால் இது அவன் தனியாகத் தொழில் செய்ய ஆரம்பித்த பிறகு வந்த காசு. இப்போது தன் ஹெல்பருக்கு அவன் கொடுப்பது மாதம் 9,000, அதாவது வருஷத்துக்கு 1,08,000. எஸ்டேட்டைவிடக் குறைவு! கேஜ் செட், வேக்யூம் பம்ப், கிளாம்ப் மீட்டர், பழைய பைக் என்று சேர்க்கவே அவனுக்கு நாலு வருஷம் ஆனதாம்.

ஆறு மாதப் படிப்பைப் பற்றிக் கேட்டேன். "அவங்களும் கேஸ் ஏத்துவாங்க சார். ஏன் குறைஞ்சதுன்னு பாக்க மாட்டாங்க" என்றான். எனக்கே அன்றுதான் புரிந்தது. ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்வதில்லை. குறைந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். நைட்ரஜன் செலுத்திக் கசிவைக் கண்டுபிடித்து, அடைத்து, வேக்யூம் போட்டுக் காற்றையும் ஈரத்தையும் இழுத்த பிறகு எடை பார்த்து ஏற்ற வேண்டும். நைட்ரஜனுக்குப் பதிலாக ஆக்சிஜனைச் செலுத்தினால் கம்ப்ரசர் எண்ணெயோடு சேர்ந்து வெடிக்கும். மாண்ட்ரியல் ஒப்பந்தப்படி பழைய ஆர்-22 வாயுவை 2030-க்குள் கைவிட வேண்டும். புதிதாக வருகிற ஆர்-32 லேசாகத் தீப்பிடிக்கக்கூடியது. ஆர்-290 என்பது சாட்சாத் புரோப்பேன், நம் சமையல் கேஸில் இருப்பது. அதைக் கையில் கொடுத்து, மூன்றாம் மாடிச் சுவரில் தொங்கச் சொல்லும் தொழில் இது. என் பேரத்தில் குறைந்த 200 ரூபாயை நினைத்துக்கொண்டேன்.

இன்னொரு விஷயம். வெள்ளிமலையில் ஏசிக்கு என்ன வேலை? மார்கழியில் அங்கே நெருப்பு மூட்டி உட்காருவார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி வைக்கும் ஃபிரிட்ஜ், கடைகளில் கூல்டிரிங்ஸ் பெட்டி, அவ்வளவுதான். இந்தப் படிப்பு படித்தவன் மலையை விட்டு இறங்கியாக வேண்டும். பையனின் அம்மா இதைத்தான் முதலில் கேட்டாராம். நானும் அவனும் இதைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

எல்லாவற்றையும் அப்படியே திரும்ப அவனிடம் சொன்னேன். படிப்பு இரண்டு வருஷம், ஹெல்பராகக் குறைந்தது இரண்டு வருஷம். ஐடிஐ முடித்து அப்ரண்டிஸாகச் சேர்ந்தால் மாதம் 7,000-க்குக் குறையக் கூடாது என்று 2019-இல் வந்த விதி சொன்னது, அவ்வளவுதான். ஆக நாலு வருஷம் வீட்டுக்குக் காசு வராது. குச்சிக்கிழங்கு விலையை நம்பி அதைத் தாங்க முடியுமா என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும் என்றேன். அந்தத் தனியார் இடத்தில் போன வருஷம் முடித்த மூன்று பையன்களின் போன் நம்பரைக் கேட்கச் சொன்னேன். கேட்டிருக்கிறான். தரவில்லையாம்.

நேற்று இரவு மறுபடி போன். ஐடிஐ-க்கு விண்ணப்பம் போட்டாயிற்று. மலையின் சேலம் பக்கம் கருமந்துறையிலேயே அரசு ஐடிஐ இருக்கிறது. ஆனால் இந்தப் பிரிவு எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கேதான் போக வேண்டும். மாடு தொழுவத்தில்தான் இருக்கிறது.

உங்களில் ஏசி வேலையில் இருப்பவர்கள் இரண்டு தொகையைக் கமெண்டில் போடுங்கள்: சித்திரையில் என்ன வந்தது, கார்த்திகையில் என்ன வந்தது. பையன் இந்தப் பதிவைப் படிப்பான். யாரிடமாவது உபயோகிக்காத கிளாம்ப் மீட்டர் இருந்தால் எனக்கு ஒரு போன் போடுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.