யாருடைய குண்டாக இருந்தால் என்ன?

2017 டிசம்பர் 13. கொளத்தூர் நகைக்கடைக் கொள்ளையரைத் தேடி ராஜஸ்தானின் பாலி மாவட்டம் வரை போன மதுரவாயல் இன்ஸ்பெக்டர் பெரியபாண்டியன் அங்கேயே இறந்தார். கொள்ளையர் சுட்டதாகத்தான் முதலில் செய்தி. உடன் போன அதிகாரியின் துப்பாக்கி தவறுதலாக வெடித்தது என்று பிறகு ராஜஸ்தான் போலீஸ் சொன்னது.

அதோடு பேச்சு அடங்கிவிட்டது. எனக்கு மனசு ஆறவில்லை. மொழி தெரியாத ஊரில், இருட்டில், சின்னக் குழுவோடு உள்ளே நுழைந்தவர் அவர். யாருடைய குண்டாக இருந்தாலும் அந்தத் துணிச்சல் குறையுமா?

இரவு வாகனச் சோதனையில் லாரி மோதிச் சாகும் காவலர்களும் இப்படித்தான். செய்தித்தாளில் நாலு வரி. அவ்வளவுதான். ஒளிரும் மேலாடை, முறையான துப்பாக்கிப் பயிற்சி, தொடர் பணிக்குப் பின் தூக்கம் — இவற்றை அவர்களுக்காக நாமும் உரக்கக் கேட்க வேண்டும்.