பேத்தி நர்ஸ் படிக்கப் போகிறாள்

ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்து வந்தவர்களில் நர்ஸைக் கும்பிடாதவர் கிடையாது. ஆனால் தன் வீட்டுப் பெண் அந்தப் படிப்புக்குப் போகிறேன் என்றால் மட்டும் முகம் மாறிவிடும். "ஊர் நோயையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவரவா?" என்று கேட்பார்கள். போன வருஷம் எங்கள் வீட்டிலேயே இந்த வழக்கு வந்தது.

மகள் வயிற்றுப் பேத்தி பிளஸ் டூ முடித்துவிட்டு, பி.எஸ்ஸி. நர்சிங்தான் படிப்பேன் என்று நின்றாள். இடமும் கிடைத்தது. பணம் கட்டப் பத்து நாள்தான் அவகாசம். மகள் ஒத்துக்கொள்ளவில்லை. அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2021 மே மாதம் அவளுடைய மச்சாண்டாரைக் கொரோனாவுக்குப் பறிகொடுத்த வீடு அது. பெற்ற பிள்ளையின் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்க முடியாமல் போன சம்பந்தி அம்மாள், ஆஸ்பத்திரி என்ற பேச்சு வந்தாலே எழுந்து உள்ளே போய்விடுவார். 2018இல் கோழிக்கோட்டுப் பக்கம் நிபா நோயாளியைக் கவனித்து, அதே நோயில் இறந்துபோன நர்ஸ் லினியையும் மகள் மறக்கவில்லை. "அந்தப் பொண்ணுக்கும் ரெண்டு சின்னக் குழந்தைங்கப்பா" என்றாள்.

இப்படி அடிபட்டவர்களிடம் "ஒண்ணும் ஆகாது" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆகியிருக்கிறதே! நானோ ஆயுசு முழுக்கக் கோப்பு பார்த்த குமாஸ்தா. பெரிய கட்டு வந்தால் விஷயவாரியாகப் பிரித்தால்தான் எனக்குப் புரியும். பயத்தையும் அப்படியே பிரித்துப் பார்க்கலாம் என்று நினைத்தேன். எந்த நோய், எந்த வழியாக வரும், அந்த வழியை அடைக்க என்ன இருக்கிறது? எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஹெட் நர்ஸ் அம்மா ஒருவர் இருக்கிறார். அவரை வீட்டுக்கு அழைத்து, மகளையும் சம்பந்தி அம்மாளையும் எதிரில் உட்கார வைத்து, மனசில் இருப்பதையெல்லாம் கேளுங்கள் என்றேன்.

முதலில் ஊசிக் குத்தல். எல்லாரும் பயப்படுவது எச்.ஐ.வி.க்கு. அந்த நோயாளிக்குப் போட்ட ஊசி தவறிக் குத்தினாலும், ஆயிரம் குத்தலில் சுமார் மூன்றில்தான் நோய் தொற்றும் என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. குத்திய உடனே, முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள், தள்ளிப்போனாலும் 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மாத்திரை ஆரம்பித்து 28 நாள் சாப்பிட்டால் அந்த அபாயமும் வெகுவாகக் குறைந்துவிடும். ஹெபடைடிஸ் பி என்கிற காமாலைதான் உண்மையில் பெரிய ஆள். தடுப்பூசி போடாதவருக்கு நூற்றில் முப்பது வரைகூடத் தொற்றலாம். ஆனால் அதற்குத்தான் நல்ல தடுப்பூசி இருக்கிறது. முதல் நாள், ஒரு மாதம், ஆறு மாதம் என்று மூன்று தவணை. முடித்த ஒன்றிரண்டு மாதத்தில் ரத்தம் எடுத்து, எதிர்ப்புச் சக்தி வந்திருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். ஹெபடைடிஸ் சி-க்குத் தடுப்பூசி இல்லை. இப்போது மாத்திரையிலேயே பெரும்பாலும் குணமாக்கிவிடுகிறார்கள்.

"போட்ட ஊசிக்கு மறுபடி மூடி போடக் கூடாது, நேரா வெள்ளை டப்பாவுல போடணும். மூடி போடறப்ப கையில குத்திடும்" என்றார் அந்த அம்மா. அவருக்கே ஒருமுறை குத்தியிருக்கிறதாம். மறைக்காமல் உடனே எழுதிக் கொடுத்து, பரிசோதனை செய்துகொண்டிருக்கிறார். ஒன்றும் வரவில்லை. "திட்டுவாங்களேன்னு மறைக்கிற பொண்ணுதான் மாட்டிக்கும்" என்று பேத்தியைப் பார்த்துச் சொன்னார்.

அடுத்தது காற்று வழி. இதில் முக்கியமானது டி.பி. நம் காலத்தில் டி.பி. வந்தவருக்குத் தட்டு, டம்ளர் எல்லாம் தனியாக வைத்தோம். அது தட்டில் பரவுகிற நோயே இல்லை. இருமும்போது காற்றில் கலந்துதான் பரவுகிறது. ஜன்னல் திறந்த வார்டு, நர்ஸுக்கு என்95 முகக்கவசம், நோயாளிக்குச் சீக்கிரம் சரியான மருந்து, இவைதான் காவல். மருந்து ஆரம்பித்தபின் பரப்பும் தன்மை வேகமாகக் குறைந்துவிடும். சின்ன வயதில் போட்ட பி.சி.ஜி. இருக்கிறதே என்று பெரியவர்கள் அதை நம்பி இருக்கக் கூடாது. அது முக்கியமாகக் குழந்தைகளைக் கடுமையான டி.பி.யிலிருந்து காப்பதற்கு.

மூன்றாவது, கை. பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்த எங்களுக்கு லூயி பஸ்தேர் (மற்றவர்கள் பாஸ்டர் என்பார்கள்) வீட்டு மனிதர் மாதிரி. அவர் டாக்டர் அல்ல, ரசாயனம் படித்தவர். 1878இல் பாரிஸ் மருத்துவக் கழகத்தில் பெரிய பெரிய அறுவை மருத்துவர்களுக்கு முன்னால் நின்று, கையையும் கருவியையும் சுத்தமாக்கிவிட்டு நோயாளியைத் தொடுங்கள் என்று பேசினார். இன்றைக்கும் ஆஸ்பத்திரியில் முதல் பாடம் அதுதான். சோப்பு போட்டால் 40 முதல் 60 விநாடி, கைக்குத் தேய்க்கும் மருந்தானால் 20 முதல் 30 விநாடி.

அதுவரை பேசாதிருந்த சம்பந்தி அம்மாள், "எல்லாம் சரி. வீட்டுக்கு வர்றப்ப எதையும் கொண்டு வராதா? எனக்கு சக்கரை இருக்கு" என்றார். யாரும் அதைச் சின்னக் கேள்வியாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த அம்மா பொறுமையாகச் சொன்னார். "யூனிபார்ம அங்கேயே மாத்திக்கணும். தனியா துவைக்கணும். வந்ததும் கை கால் கழுவிட்டுதான் உள்ள வரணும். உடம்பு சரியில்லன்னா உங்க பக்கத்துல வரக் கூடாது. இப்படித்தான் நானும் மாமியாரை வெச்சிக்கிட்டு மூணு பிள்ளைங்கள வளத்தேன்."

மகள் லினியைப் பற்றிக் கேட்டாள். அந்த அம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப வந்திருக்கிறது என்ன நோய்னே யாருக்கும் தெரியாது. தெரியாததுதாம்மா ஆபத்து" என்றார். மறு வருஷமே, 2019இல், எர்ணாகுளத்தில் ஒரு மாணவருக்கு நிபா வந்தது. இந்தமுறை என்ன நோய் என்று சீக்கிரம் தெரிந்துகொண்டு, அவரைத் தனியாக வைத்து, கவசம் அணிந்து பார்த்தார்கள். அவரும் பிழைத்தார், வேறு யாருக்கும் பரவவும் இல்லை. நோய் அதேதான். லினியின் ஊர்க்காரர்கள் அந்தச் சாவிலிருந்து கற்றுக்கொண்டிருந்தார்கள்.

மகள் அன்றே சரி என்று சொல்லிவிடவில்லை. ஒரு தாளில் கேள்விகளை எழுதிக்கொண்டு மறுநாள் கல்லூரிக்குப் போனாள். பதில்களைக் குறித்துக்கொண்டு வந்து, ஒன்பதாம் நாள் பணம் கட்டினாள். சம்பந்தி அம்மாள் இன்றும் பேத்தி வரும் நேரம் வாசலில் ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் வைத்துவிட்டுக் காத்திருக்கிறார். பயம் போகவில்லை, ஆனால் அதற்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது.

பேத்தியோ பேரனோ இந்தப் படிப்புக்குப் போவதாக இருந்தால், மகள் எழுதிக்கொண்டு போன கேள்விகள் உங்களுக்கும் உதவலாம். வார்டுக்கு அனுப்புவதற்கு முன் ஹெபடைடிஸ் பி ஊசி போடுகிறார்களா, செலவு யாருடையது? எதிர்ப்புச் சக்தி வந்ததா என்று சோதிக்கிறார்களா? ஊசி குத்திவிட்டால் ராத்திரி இரண்டு மணிக்கு யாரிடம் போக வேண்டும்? டி.பி. வார்டில் பிள்ளைகளுக்கு என்95 கொடுக்கிறார்களா? பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் லீவு உண்டா?

பதில் நேராக வந்தால் தைரியமாக அனுப்புங்கள். மழுப்பினால் வேறு கல்லூரி பாருங்கள். படிப்பை மாற்ற வேண்டாம். நாளைக்கு நாம் படுக்கையில் கிடக்கும்போது பக்கத்தில் வந்து நிற்க ஒரு பெண் வேண்டுமே. அவளும் ஒரு வீட்டின் பேத்திதானே.